தாசில்தாரின் எடை

புதன்கிழமை நண்பகல் டல்சாவில்
சூறாவளிச் சங்கை ஊதிப் பார்ப்பார்கள்.
வானம் துடைத்த தட்டாக இருந்தாலும் ஊதுவார்கள்.
பதினொரு வருஷமாக
எங்கள் சலவை அறையிலிருந்து
தாசில்தார் அதற்குப் பதில் கொடுத்துவந்தார்:
மூக்கால் இழுத்த ஒரு நீளமான 'ங்ஙே'.
ஊரில் இன்னொரு ஆண் இருக்கிறான்,
தன்னைவிடப் பெரிய தொண்டையோடு
என்று நினைத்திருப்பார்.

பிப்ரவரியில் ஒரு புதன் சங்கு ஊதி ஓய்ந்தது.
சலவை அறையில் டிரையர் மட்டும் ஓடியது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.
இந்த நுணல்
வாயை மூடித்தான் என்னிடம் மாட்டிக்கொண்டது.

மருந்துக்கடைக்குப் பின்னால், மழைக்குட்டையில்
ஏழு வயதுச் சஹானா பிடித்துவந்த தேரை.
தொந்தியையும்
யாரையும் உட்காரச் சொல்லாத முகத்தையும் பார்த்து
நான்தான் பெயர் வைத்தேன்.
அவள் இப்போது ஸ்டில்வாட்டரில் படிக்கிறாள்.
மாதம் ஒருமுறை எடை எழுதச் சொல்லி
ஃபிரிட்ஜில் தாள் ஒட்டிவிட்டுப் போனாள்.

பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது.
நாக்கு சுவர்க்கோழிக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது.
ஒன்று அவர் தலைமேலேயே ஏறி மீசை ஆட்டியது;
தாசில்தார் நடவடிக்கை எடுக்கவில்லை.
உரித்த தோலைத் தின்னாமல்
தோளில் போட்டிருந்தார், கசங்கிய துண்டு மாதிரி.
சாப்பிடாதவர் பருத்துக்கொண்டே போனார்.

அது எனக்குத் தெரிந்த பாடம்.
செவ்வாய், வியாழன், சனி
டயாலிசிஸ் நிலையத்தில் வருகிறவர்களை நிறுப்பவன் நான்.
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி
குழி எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று எண்ணுகிறவன்.
உடம்பு தனக்குள்ளேயே ஊறுவதை
எடை சொல்லிவிடும். ஆள் சொல்லமாட்டார்.

மாவு நிறுக்கும் தராசில்
ஈரக் கையுறையோடு தூக்கி வைத்தேன்.
ஜனவரியில் அறுபத்திரண்டு கிராம்.
அன்று எழுபத்தொன்பது.
தொடையை விளக்கில் காட்டினால்
நுங்குக்குள் போவதுபோல் ஒளி உள்ளே போனது.

தேரை பார்க்கும் டாக்டர்
புரோக்கன் ஆரோவில் ஒருவர்தான்.
மெர்ரில் ரீவ்ஸ், கிளி கடித்த விரல்கள்.
மயிரளவு ஊசியில் வைக்கோல் நிறத் தண்ணீர் எடுத்துக் காட்டி
"சிறுநீரகம்" என்றார்.
நான் சிரித்துவிட்டேன்.
ஏனென்று அவருக்குப் புரிந்திருக்காது.

சொன்னபடி செய்தேன்:
குளோரின் போன தண்ணீர், அளந்து கரைத்த உப்பு,
காலையும் இரவும் இருபது நிமிடம்.
தேரை வாயால் குடிப்பதில்லை;
அடிவயிற்றுத் தோலால் குடிக்கும்.
உட்கார்ந்தால் போதும், தாகம் தீரும்.
அந்தத் தோல்தான் இப்போது
சாத்த மறந்த கதவு.

மூன்றாம் நாற்காலி டெல்பர்ட் கூலி
ஊசி குத்தும்போதெல்லாம் கேட்பார்,
"உங்க அதிகாரி எப்படி?"
நாலு வருஷமாக வருகிறவர்.
மார்ச்சில் ஒரு வியாழன், ஷூ லேசைக் கட்டிக்கொண்டே
"சனிக்கிழமை வரலை" என்றார்.
அடுத்த செவ்வாயும்.
அதற்கும் எங்களிடம் ஒரு படிவம் உண்டு.
எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது முறை தண்ணீர் எடுத்தபின்
ரீவ்ஸ் கேட்டார், "இன்னும் எத்தனை தடவை?"
நான் யாரிடமும் கேட்டிராத கேள்வி.
என் தொழிலில் அதை நோயாளிதான் சொல்லவேண்டும்.
தாசில்தாரைப் பார்த்தேன்.
கிடையாகக் கிடந்த கண்மணி, சுற்றிலும் பொன்தூள்.
மனு பரிசீலனையில் இருப்பதாகத் தெரிந்தது.

புதன், மூன்று மணிக்கு நேரம் வாங்கினேன்.
சஹானா வகுப்பை விட்டு வந்தாள்.
தட்டோடு ஜன்னலருகே வைத்தோம்.
பன்னிரண்டுக்குச் சங்கு.
தொண்டை ஒருமுறை குமிழாக எழுந்தது,
நின்றது,
இறங்கியது.

"சொன்னாரா?" என்றாள்.
"சொல்ல வந்தார்."

காருக்குக் கொண்டுபோகுமுன், கைப்பழக்கம்,
தராசில் வைத்தேன். எழுபத்தொன்று.
எழுதினேன்.
தாளில் டிசம்பர் வரை
கட்டம் போட்டிருந்தது.